ஏஓடி டப்பா: நானோதுகள் செய்யப்போகிறவர்கள் வாங்கும் முன்

மைக்ரோஎமல்ஷன் முறையில் உலோக நானோதுகள் செய்யலாம் என்றிருக்கிறேன், எந்த சர்ஃபாக்டன்ட் (எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் சோப்பு மாதிரிப் பொருள்) வாங்கட்டும் என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் என்னிடம் வந்து நிற்பார்கள். ஏஓடி வாங்குங்கள் என்று உடனே சொல்லிவிடுவேன். அப்புறம் "ஆனால்" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். நாலு வருஷமாக வெள்ளி, தாமிரம், கொஞ்சம் பல்லேடியம் என்று இதே பொருளைத்தான் கரைத்துக்கொண்டிருக்கிறேன், நல்லதும் பார்த்தாயிற்று, கெட்டதும் பார்த்தாயிற்று, அதனால் அந்த அரை மணி நேரப் பேச்சை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்று எதற்காகக் குறைந்தது என்பது கீழே வரும்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடலாம். சோடியம் பிஸ்(2-எத்தில்ஹெக்சில்) சல்ஃபோசக்சினேட் என்பது முழுப் பெயர், ஏரோசால் ஓடி என்ற வணிகப் பெயர் சுருங்கி ஏஓடி ஆகிவிட்டது. மலம் இளகுவதற்குக் கொடுக்கும் மருந்தில் டாக்குசேட் சோடியம் என்று எழுதியிருப்பார்களே, அதுவும் இதே மூலக்கூறுதான். தலைப்பக்கம் எதிர்மின்னூட்டம் கொண்ட சல்ஃபோனேட், வால்பக்கம் கிளைவிட்ட இரண்டு ஹைட்ரோகார்பன் சங்கிலிகள். விஷயமே இந்த இரட்டை வாலில்தான் இருக்கிறது. தலை சிறுத்து வால் அகன்று ஆப்பு மாதிரி இருப்பதால், ஐசோஆக்டேன் போன்ற எண்ணெயில் போட்டதும் தலைகளை உள்ளே வைத்து வால்களை வெளியே விரித்துத் தானாகவே உருண்டுகொள்கிறது. மற்ற பல சர்ஃபாக்டன்ட்களுக்கு இப்படி உருள்வதற்கு பியூட்டனால், ஹெக்சனால் என்று துணைக்கு ஓர் ஆல்கஹால் வேண்டும். ஏஓடிக்குத் துணை வேண்டாம். ஏஓடி, எண்ணெய், தண்ணீர், மூன்றே பொருள். ஒரு சோதனை கெட்டுப்போனால் எதனால் கெட்டது என்று தேடும்போது இந்த எளிமையின் அருமை தெரியும்.

எண்ணெயும் தண்ணீரும் சோப்பும் சேர்த்துக் குலுக்கினால் பால் போல வெளுக்கும், கொஞ்ச நேரத்தில் பிரிந்தும் போகும்; அது சாதாரணப் பால்மம், துளிகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருப்பதால் ஒளியைச் சிதறடிக்கிறது. மைக்ரோஎமல்ஷனைத் தமிழில் நுண்பால்மம் என்கிறார்கள், பெயரில் பால் இருந்தாலும் பார்வைக்கு அது பால் இல்லை. துளிகள் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரைதான், அதனால் கண்ணாடி மாதிரித் தெளிவாக நிற்கும், வலுவாகக் கலக்கவும் வேண்டாம், தானாக உருவாகும், வெப்ப இயக்கவியல்படி நிலையானது. இப்படி ஒன்று இருக்கிறது என்று 1943-ல் ஹோரும் ஷுல்மனும் எழுதினார்கள், மைக்ரோஎமல்ஷன் என்ற பெயர் 1959-ல்தான் வந்தது. உலோகத் துகள் செய்வதற்கு இதைப் பயன்படுத்தலாம் என்று காட்டியது 1982: பூத்தனே, கிஸ்லிங், ஸ்டெனியஸ், மேர் ஆகிய நால்வர் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், இரிடியம் துகள்களை 3 முதல் 5 நானோமீட்டர் அளவில் கிட்டத்தட்ட ஒரே சீராக எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் வேறு சர்ஃபாக்டன்ட்களை வைத்துத்தான் செய்தார்கள். ஏஓடியில் தாமிரம், வெள்ளி என்று வரிசையாகச் செய்து பார்த்தது பிரான்சில் மரி-போல் பிலேனியின் குழு, இன்று நாம் கையில் வைத்திருக்கும் செய்முறைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவை.

சரி, டப்பாவைத் திறக்கலாம். உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக, அரைக்கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கட்டிகள். பொடியாக இருக்கும் என்று நினைத்து ஸ்பாட்டுலாவை விட்டால் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் விழாது, எடைத்தாளில் வைத்தால் தாளோடு வரும். நான் தாளையே விட்டுவிட்டேன், நேராகக் குடுவைக்குள் போட்டு எடை பார்க்கிறேன், கணக்குக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் கரைப்பானின் அளவைத்தான் திருத்துகிறேன். கட்டியை வெட்டி எடுக்க ஸ்பாட்டுலாவைவிட ஒரு சின்ன எஃகுக் கத்தி நல்லது. இதெல்லாம் சில்லறை விஷயம் மாதிரித் தோன்றும், ஆனால் எடை பார்க்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டால் அந்த ஐந்து நிமிஷமும் அது காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் வேகமாக முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கு நான் வழக்கமாகச் செய்வது இது. இரண்டு குடுவை, ஒவ்வொன்றிலும் 1.11 கிராம் ஏஓடி, 25 மில்லிலிட்டர் ஐசோஆக்டேன், அதாவது 0.1 மோலார். ஒன்றில் 0.45 மில்லிலிட்டர் சில்வர் நைட்ரேட் கரைசல், 0.1 மோலார். மற்றதில் அதே 0.45 மில்லிலிட்டர் சோடியம் போரோஹைட்ரைடு, வெள்ளி அயனியை உலோகமாக மாற்றும் ஒடுக்கி இதுதான், அதைப் பனிக்கட்டி வைத்துக் குளிரவைத்த தண்ணீரில் அப்போதுதான் கரைத்திருக்க வேண்டும், காலையில் கரைத்ததை மதியம் எடுத்தால் பாதி ஹைட்ரஜனாகப் போயிருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, போரோஹைட்ரைடு எத்தனை மணிக்குக் கரைத்தீர்கள் என்பதுதான்.

தண்ணீர் விடுகிற அந்தக் கணம் எனக்கு இன்னமும் பிடித்த கணம். பிப்பெட் முனையில் இருந்து துளி விழுந்ததும் குடுவைக்குள் வெள்ளைப் புகை மாதிரி இழை இழையாகக் கலங்கும், ஐயோ கெட்டுவிட்டது என்று தோன்றும், குடுவையைக் கையில் பிடித்துச் சுழற்றினால் அந்தப் புகை மெலிந்து மெலிந்து, பத்துப் பதினைந்து விநாடியில் சுத்தமாக மறைந்துவிடும். தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியாது. லேசர் விளக்கை ஒரு பக்கம் பிடித்தால் மட்டும் ஒளிக்கற்றை மங்கலான கோடாகத் தெரியும், அப்போதுதான் உள்ளே துளிகள் இருப்பது புரியும். எவ்வளவு குலுக்கியும் கலங்கல் போகவில்லை என்றால் உங்கள் ஏஓடி சரியில்லை, அல்லது தண்ணீர் அளவு தப்பு. முதல் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது, இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

அப்புறம் இரண்டு குடுவையையும் ஒன்றாகக் கலக்க வேண்டியதுதான். போரோஹைட்ரைடாக இருந்தால் ஊற்றும்போதே மஞ்சள் வரும், நிமிஷங்கள் போகப்போக அடர்ந்து தேன் நிறம், சில நேரம் பழுப்பு. எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி-விசிபிள் கருவியில் 400 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு முகடு நின்றால் வெள்ளித் துகள் வந்துவிட்டது. முகடு ஒல்லியாக இருந்தால் நிம்மதி. அகன்று சிவப்புப் பக்கம் வால் நீட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருக்கின்றன. ஹைட்ரஜன் குமிழ் வருவதால் இந்த நேரத்தில் குடுவையை இறுக்கி மூடாதீர்கள், கரைப்பான் தீப்பற்றும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். பாதி, இதை விற்கிறவர்களும் பாடம் எடுக்கிறவர்களும் சொல்லும் ஒரு வாக்குறுதிக்காக. "ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு அச்சு, துளி எவ்வளவோ துகளும் அவ்வளவு" என்பார்கள். இட்லித் தட்டில் குழி எவ்வளவோ இட்லியும் அவ்வளவு என்பது மாதிரி. கேட்க அழகாக இருக்கிறது, நானும் ஒரு வருஷம் நம்பினேன், அதை நம்பித்தான் தண்ணீர் அளவை மட்டும் மாற்றி மாற்றி நேரத்தைத் தொலைத்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் கண் திறந்தது, அந்தக் கணக்கை நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

தண்ணீருக்கும் ஏஓடிக்கும் உள்ள மோல் விகிதத்தை டபிள்யூ-ஜீரோ என்பார்கள். ஐசோஆக்டேனில் அந்த எண்ணை 0.15-ஆல் பெருக்கினால் உள்ளே இருக்கும் நீர்க்குட்டையின் ஆரம் நானோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். மேலே சொன்ன செய்முறையில் விகிதம் 10, ஆக ஆரம் 1.5 நானோமீட்டர், கன அளவு ஏறக்குறைய 14 கன நானோமீட்டர். 0.1 மோலார் கரைசலில் அவ்வளவு இடத்துக்குள் எத்தனை வெள்ளி அயனி இருக்கும்? 0.85. சராசரியாக ஒரு துளிக்கு ஒரு முழு அயனிகூட இல்லை! ஆனால் டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் நாம் பார்க்கும் 4 நானோமீட்டர் துகள் ஒன்றில் ஏறக்குறைய 2000 அணுக்கள் இருக்கின்றன. ஒரு துகள் உருவாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துளிகளில் இருந்த சரக்கு ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். துகளின் விட்டமும் 4, குட்டையின் விட்டமோ 3. துகள் தன் துளியைவிடப் பெரியது. இது எப்படி அச்சு ஆகும்?

நடப்பது வேறு. துளிகள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன, பெரும்பாலான மோதல்களில் ஒன்றுமே நடக்காது, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு மோதலில் இரண்டு துளிகளின் உறையும் ஒரு கணம் திறந்து ஒன்றாகி, உள்ளே இருப்பதைப் பகிர்ந்துகொண்டு மறுபடி பிரிகின்றன. 1987-ல் ஃப்ளெட்சர், ஹோவ், ராபின்சன் மூவரும் இந்தப் பரிமாற்றத்தின் வேகத்தை அளந்தார்கள். அந்தப் பரிமாற்றம்தான் இங்கே உண்மையான சமையல்காரன். வெள்ளி அணுக்கள் சில ஒன்று சேர்ந்து ஒரு கரு உருவாகிறது, மற்ற துளிகள் வந்து மோதி அதற்குத் தீனி போடுகின்றன, ஏஓடி அந்தத் துகளின் மேல் ஒட்டி வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. அளவை முடிவு செய்வது எத்தனை கரு ஆரம்பத்திலேயே பிறந்தது, பரிமாற்றம் எவ்வளவு வேகம் என்ற இரண்டும்தான், துளியின் அளவு இந்த இரண்டின் வழியாகத்தான் பேசுகிறது.

இது புரிந்த பிறகு எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. சின்னத் துகள் வேண்டுமா, போரோஹைட்ரைடு மாதிரி வேகமான ஒடுக்கியைப் போடு, ஒரே நேரத்தில் நிறையக் கரு பிறக்கும், ஆளுக்குக் கிடைக்கும் தீனி குறையும். ஹைட்ரசீன் மெதுவாக ஒடுக்கும், கரு குறைவு, துகள் பெரிது (ஹைட்ரசீன் நச்சுப் பொருள், புகை வெளியேற்றும் பெட்டிக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது). எண்ணெயை மாற்றினால்கூட மாறும்: ஐசோஆக்டேனுக்குப் பதில் சைக்ளோஹெக்சேன் எடுத்தால் அதன் சின்ன மூலக்கூறுகள் ஏஓடி வால்களுக்கு இடையில் நுழைந்து உறையை விறைப்பாக்கிவிடும், துளிகள் லேசில் திறக்காது, பரிமாற்றம் நன்றாகவே மெதுவாகும். முதல் தடவை சைக்ளோஹெக்சேனில் செய்தபோது மஞ்சள் வரக் காத்திருந்து, ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று குடுவையைக் கொட்டப்போனேன், நல்லவேளை கொட்டவில்லை, கொஞ்ச நேரம் கழித்து நிறம் வந்தது. டபிள்யூ-ஜீரோவை ஏற்றினால் துகள் பெரிதாவதும் உண்மைதான், ஆனால் 10, 15-ஐத் தாண்டினால் பெரிய மாற்றம் இருக்காது. விகிதம் குறைவாக இருக்கும்போது தண்ணீர் எல்லாம் சல்ஃபோனேட் தலைகளிலும் சோடியத்திலும் கட்டுண்டு கிடக்கிறது, அதற்கு மேல் போனால் சாதாரணத் தண்ணீர் மாதிரி சுதந்திரமாகிவிடுகிறது, அதற்கப்புறம் எவ்வளவு சேர்த்தாலும் உள்ளே சூழ்நிலை ஒன்றுதான்.

சரி, பொருளின் மேல் உள்ள குறை. ஈரம், அப்புறம் தூய்மை.

ஒரு தடவை வந்த டப்பா திறந்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிகள் வெள்ளையாக இல்லாமல் லேசான மஞ்சள், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, கனமான, கொஞ்சம் பூ வாடை கலந்த ஒரு வாசம். வேலை அவசரம், லேபிளில் தூய்மை நல்லபடியாகத்தான் போட்டிருந்தது, அதனால் எடுத்துப் பயன்படுத்திவிட்டேன். டபிள்யூ-ஜீரோ 3 வைத்து மிகச் சிறிய துகள் எடுப்பது அப்போதைய திட்டம். மூன்று வாரம், ஒரே செய்முறை, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம். டெம் படத்தில் இரண்டு கூட்டம் துகள்கள், ஒரு கூட்டம் சின்னது, ஒரு கூட்டம் பெரிது, நடுவில் ஒன்றும் இல்லை. சில்வர் நைட்ரேட்டைச் சந்தேகப்பட்டேன், தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன். கடைசியில் ஒருவர் சொல்லித்தான் ஏஓடியையே, பொருளில் இருக்கும் தண்ணீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவியில் போட்டுப் பார்த்தேன். எடையில் 4 சதவீதம் தண்ணீர். கணக்குப் போட்டால், 100 கிராம் பொருளில் 4 கிராம் தண்ணீர் என்பது 0.222 மோல், மீதி 96 கிராம் ஏஓடி 0.216 மோல், ஆக நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதற்கு முன்பே விகிதம் ஒன்றைத் தாண்டியிருக்கிறது. 3 என்று நினைத்துச் செய்ததெல்லாம் 4. அந்த வாசமும் சும்மா இல்லை, ஏஓடியில் இரண்டு எஸ்டர் பிணைப்பு இருக்கிறது, ஈரம் சேர்ந்து நாளாக நாளாக அது நீரால் பகுக்கப்பட்டு 2-எத்தில்ஹெக்சனாலும் அமிலமும் வரும், அந்த அமிலம் போரோஹைட்ரைடைச் சாப்பிட்டுவிடும். ஒடுக்கி குறைந்தால் கரு குறையும், மீதி நேரம் முழுக்க வளர்ச்சிதான். என் இரண்டு கூட்டத்துக்கு அது காரணமாக இருந்திருக்க வேண்டும்.

விற்றவர்களுக்கு எழுதினேன். அனுப்பும்போது தரம் சரியாகத்தான் இருந்தது, சான்றிதழ் இருக்கிறது என்று பதில் வந்தது. இருக்கலாம், வழியில் எங்கேயோ மூடி தளர்ந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு ஈரம் இழுக்கும் ஒரு பொருளை உள்மூடி முத்திரை இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் பைகூடச் சுற்றாமல் அனுப்புவது சரியில்லை என்று இன்றும் நினைக்கிறேன். மூன்று வாரம் போனது ஒரு மாணவியின் ஆய்வுக் காலத்தில் இருந்து, அதை யாரும் திருப்பித் தர முடியாது.

அதன் பிறகு எந்த டப்பாவையும் அப்படியே நம்புவதில்லை. மெத்தனாலில் கரைத்து, கிளர்வுற்ற கரியோடு ஒரு ராத்திரி கலக்கவிட்டு, வடிகட்டி, மெத்தனாலை ஆவியாக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை வெற்றிட அடுப்பில் 50, 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைக்கிறேன். வடிகட்டும் இடத்தில் அவசரப்பட்டால் கரித்தூள் தப்பி வந்துவிடும், சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி வடிகட்டுங்கள், அந்தத் தூள் கருவாக மாறி உலோகத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்த ஏஓடி ஊதினால் உப்பிய கண்ணாடி மாதிரி, தொட்டால் நொறுங்கும் நுரையாக வரும், டப்பாவில் வந்த அந்தப் பிசுபிசு மெழுகுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். உடனே டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாத மூடிய கலம்) வைத்துவிட வேண்டும். மொத்தம் இரண்டு நாள் வேலை. டபிள்யூ-ஜீரோ 10-க்கு மேல் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த அளவு கவலை தேவையில்லை, 5-க்குக் கீழே போகிறவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது.

இன்னொரு குறை, விளைச்சல். மேலே சொன்ன இரண்டு குடுவையையும் கலந்தால் அதில் இருக்கும் மொத்த வெள்ளி 5 மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. அதற்காகச் செலவானது 2.2 கிராம் ஏஓடி, 50 மில்லிலிட்டர் ஐசோஆக்டேன். வெள்ளியைப் போல 450 மடங்கு சர்ஃபாக்டன்ட்! ஆராய்ச்சிக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் இதைக் கிலோக் கணக்கில் செய்து விற்கலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் கழிவாகப் போகும் கரைப்பானை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். நான் ஐசோஆக்டேனை வாலைவடித்து மீண்டும் பயன்படுத்துகிறேன், ஏஓடியைத் திரும்ப எடுப்பது மெனக்கெடுவதற்கு ஏற்ற பலன் தரவில்லை.

துகளைக் கழுவி எடுப்பதுதான் இதைவிடக் கஷ்டம், சொல்லப்போனால் இந்த முறையில் திறமை வேண்டியது இங்கேதான். அசிட்டோன் ஊற்றினால் மைக்ரோஎமல்ஷன் உடைந்து பழுப்பாகத் திரிதிரியாக வரும், சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அடியில் படியும். ஏஓடி அசிட்டோனிலும் ஆல்கஹாலிலும் நன்றாகக் கரையும் என்பதால் மூன்று நான்கு தடவை கழுவினால் பெரும்பகுதி போய்விடும், அது நல்ல விஷயம். ஆனால் அதுவரை துகள்களைத் தனித்தனியாக வைத்திருந்ததே அந்த ஏஓடிதான், அது போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடியில் படிந்த கறுப்பைத் திரும்பக் கரைக்கப் பார்த்தால் வராது. ஐசோஆக்டேனில் தங்கம் மாதிரி மின்னிய கரைசல் கறுப்புச் சேறாகக் கிடப்பதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கும். உடைப்பதற்கு முன்பே கொஞ்சம் டோடெக்கேன்தயால் சேர்த்துவிடுங்கள். தயாலின் கந்தகம் வெள்ளியை இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எத்தனாலை ஊற்றி ஏஓடியைக் கழுவி விட்டாலும் துகள் தன் சட்டையோடு இருக்கும், ஹெக்சேன் விட்டதும் மறுபடி தெளிவாகக் கரையும். பிலேனியின் குழு துகள்களை வரிசையாக அடுக்கிப் படிகம் மாதிரி ஆக்கியது இப்படித் தயால் சட்டை போட்ட துகள்களை வைத்துத்தான்.

வினையூக்கியாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தயாலும் கூடாது, ஏஓடி மிச்சமும் கூடாது, இரண்டிலும் கந்தகம், பல்லேடியத்துக்கும் பிளாட்டினத்துக்கும் கந்தகம் விஷம். என் பல்லேடியம் துகள்கள் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தன, வினையில் போட்டால் அசையவே இல்லை. அந்த வேலைக்குக் கந்தகம் இல்லாத அயனியற்ற சர்ஃபாக்டன்ட் நல்லது.

மற்ற சர்ஃபாக்டன்ட்கள் எப்படி என்று கேட்பீர்கள். சிடிஏபி மலிவாகக் கிடைக்கும், நல்ல வெண்பொடி, எடை பார்க்கச் சுகம், தங்கத்துக்கு எடுக்கலாம். வெள்ளிக்கு எடுக்காதீர்கள், அதில் இருக்கும் புரோமைடு வெள்ளி அயனியைப் பார்த்ததும் சில்வர் புரோமைடாக வீழ்படிந்துவிடும், இதை ஒருவர் அல்ல, எனக்குத் தெரிந்து நாலு பேர் செய்து பார்த்திருக்கிறார்கள். பியூட்டனால் துணை வேண்டும், அறை குளிர்ந்தால் படிகமாகிக் கீழே உட்கார்ந்துவிடும். ட்ரைட்டான் எக்ஸ்-100 பாகு போன்ற திரவம், ஹெக்சனாலும் சைக்ளோஹெக்சேனும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள், மின்னூட்டம் இல்லாததால் எந்த உப்பைப் போட்டாலும் சண்டை போடாது, ஆனால் வெப்பத்துக்கு மிகவும் மாறும். துகளுக்கு மேல் சிலிக்கா பூசுவதுதான் நோக்கம் என்றால் இகெபால் சிஓ-520 பக்கம் போய்விடுங்கள், அதற்கு ஏஓடி சரிப்படாது. தங்கம் மட்டும், 15 நானோமீட்டர் பக்கம், தண்ணீரில் இருந்தால் போதும் என்றால் இது எதுவுமே வேண்டாம், டர்கெவிச் 1951-ல் சொன்ன சிட்ரேட் முறையில் கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கழுவும் தொல்லையும் இல்லை.

ஏஓடி உண்மையாகவே தன் மதிப்பைக் காட்டுவது இரண்டு உலோகத்தைச் சேர்த்துக் கலவைத் துகள் செய்யும்போது. சாதாரணக் கரைசலில் எது சீக்கிரம் ஒடுங்குமோ அது முதலில் விழுந்துவிடும், மற்றது அதன் மேல் பூச்சாக வரும். இங்கே துளிக்குத் துளி சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைமாறுகிறது, அந்தப் பரிமாற்றமே ஒரு கடிவாளம், வேகமான ஒடுக்கியும் சேர்ந்தால் இரண்டும் கலந்து வளர வாய்ப்பு அதிகம். தங்கமும் வெள்ளியும் சேர்க்கிறவர்கள் மட்டும் கவனம், குளோரோஆரிக் அமிலத்தின் குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும்.

வெப்பநிலையைப் பற்றி ஒரு வார்த்தை: விகிதத்தை 40, 50 என்று ஏற்றிவைத்துக்கொண்டு வேலை செய்தால் அறை வெப்பம் நாலைந்து டிகிரி கூடினாலே கரைசல் கலங்கி இரண்டாகப் பிரியக்கூடும். நீர்த்தொட்டியில் வைத்துச் செய்யுங்கள்.

வாங்குவதாக இருந்தால் பெரிய டப்பா வேண்டாம். நூறு கிராம் போதும், திறந்த நாளில் இருந்து ஈரம் ஏற ஆரம்பிக்கிறது, பெரிய டப்பாவின் கடைசிப் பாதி எப்போதும் முதல் பாதி மாதிரி இருப்பதில்லை. வந்த அன்றே நாலைந்து சிறு புட்டிகளில் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றவற்றை டெசிகேட்டரில் வையுங்கள். வாசம் பாருங்கள். கார்ல் ஃபிஷர் கருவி பக்கத்துத் துறையில் இருந்தாலும் கேட்டு வாங்கி ஒரு தடவை அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு மூடியிலேயே எழுதிவிடுங்கள், நோட்டில் எழுதினால் அடுத்து எடுப்பவர் பார்க்க மாட்டார். இப்போது என் மேசையில் இருக்கும் புட்டியின் மூடியில் 1.2 சதவீதம் என்று இருக்கிறது, அதனால் இந்த வாரம் தண்ணீர் விடும்போது விகிதத்தில் 0.3 கழித்துக்கொண்டு விடுகிறேன்.